6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஆங்கில வீட்டுப்பாடத்தையும் சனிக்கிழமை க்விஸ்ஸையும் சேர்த்து நடத்துவது எப்படி?

மாலை நேர டியூஷன் எடுப்பவர்கள், இல்லம் தேடிக் கல்வி போன்ற திட்டங்களில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்கள், பள்ளியில் முதல்முறையாக ஆங்கில வகுப்பு கிடைத்தவர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. சென்னையில் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை ஒரே அறையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை வீட்டுப்பாடம், வெள்ளிக்கிழமை திருத்தம், சனிக்கிழமை க்விஸ். இதுதான் வாரம்.

புதிதாக வருகிறவர்கள் வீட்டுப்பாடத்தை ஒரு பக்கமும் க்விஸ்ஸை இன்னொரு பக்கமும் வைத்துவிடுகிறார்கள். வாரம் முழுக்கப் புத்தகப் பயிற்சி. சனிக்கிழமை வந்தால் இணையத்தில் கிடைத்த பொது அறிவுக் கேள்விகள். கொஞ்ச நாள் கலகலப்பாகப் போகும். அப்புறம் அதே மூன்று பேர்தான் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நோட்டில் எழுதியதுதான் சனிக்கிழமை கேள்வியாக வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, கேள்வியை முதலில் எழுதிவிட்டு வீட்டுப்பாடத்தை அதிலிருந்து தீர்மானிப்பது. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். முன்பின் மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் புத்தகங்கள். சென்னை டியூஷனில் ஒரே பெஞ்சில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளையும் சிபிஎஸ்இ பிள்ளையும் இருப்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 6, 7ஆம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு புத்தகம். சிபிஎஸ்இ பிள்ளைகளிடம் பெரும்பாலும் என்சிஇஆர்டி புத்தகம் இருக்கும். இரண்டுமே பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வரும் நாள் கட்டாயம் வரும்.

ஆளுக்கு ஒரு தனி நோட்டு. பள்ளி நோட்டிலேயே எழுதச் சொல்லாதீர்கள். அதைப் பள்ளி ஆசிரியர் திருத்த வாங்கி வைத்துக்கொண்டால் உங்கள் வாரம் அப்படியே நின்றுவிடும். எண்பது பக்க நோட்டு ஒரு பருவத்துக்குப் போதும்.

நான்கு பேருக்கு ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி. புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும், திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் பேரம் பேசி வாங்கலாம். அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். போனில் தேடுவதைவிட அகராதி ஏன் வேண்டும் என்றால், எழுத்து வரிசையில் தேடும்போது பிள்ளை அந்தச் சொல்லின் ஸ்பெல்லிங்கை மூன்று நான்கு தடவை மனதுக்குள் சொல்லியாக வேண்டும். போனில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாலே மீதி தானாக வந்துவிடுகிறது.

ஒரு பக்கம் காலியாக இருக்கும் பழைய தாள்கள், அணிக்கு ஒரு சிலேட்டு, சாக்பீஸ், நேரம் பார்க்க ஒரு போன். புரொஜெக்டர், பஸ்ஸர், க்விஸ் ஆப் எதுவும் தேவையில்லை. இவற்றை வாங்கிக் கொண்டுவந்து முதல் நாளே ஒயரோடு போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. கேள்வி எழுதும் முன் நோட்டைப் படியுங்கள்

பிள்ளைகளுக்கு எது வரவில்லை என்று தெரியாமல் கேள்வி எழுதினால், உங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்பீர்கள். ஆகவே முதல் வகுப்பில் பாடமே வேண்டாம். "நேற்று மாலை பள்ளி விட்டதும் என்ன செய்தாய்?" என்று கேட்டு, ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். மார்க் இல்லை, திருத்தம் இல்லை என்றும் சொல்லிவிடுங்கள். மார்க் உண்டு என்றால் பிள்ளைகள் மனப்பாடம் செய்த 'மை ஸ்கூல்' கட்டுரையை இறக்கிவிடுவார்கள்.

வந்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தவறுகளை மட்டும் ஒரு பக்கத்தில் குறியுங்கள். அநேகமாக இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "யெஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட் டு டியூஷன் பிகாஸ் ரெயின் இஸ் கேம்." இதை அப்படியே சிவப்பு மையால் அடித்துவிட்டால் உங்களுக்கு எதுவும் தெரியவராது. உள்ளே பாருங்கள். 'டிட்' வந்தபிறகும் 'வென்ட்' வந்திருக்கிறது; இறந்த காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டதும் வினைச்சொல் 'கோ' என்ற வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. 'இஸ் கேம்' என்பது வேறு வகைத் தவறு: எழுவாய்க்குப் பக்கத்தில் ஒரு 'இஸ்' கட்டாயம் வேண்டும் என்ற நினைப்பு. ஆக, ஒரு வரியில் இரண்டு தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன.

தமிழ் பேசும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப வருகிறவை இவை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று ஒருமையில் நிறுத்துவது. "ஃபைவ் மேங்கோ" என்று எழுதுவது. நாம் அஞ்சு மாம்பழம் என்றுதானே சொல்கிறோம், மாம்பழங்கள் என்று யார் சொல்கிறார்கள்? "டிஸ்கஸ் அபவுட்", "ரிட்டர்ன் பேக்" என்று வேண்டாத சொல்லை ஒட்டுவது. "ஷி கோ" என்று 'எஸ்' ஒலியை விட்டுவிடுவது. 'ஏ', 'தி' இரண்டையும் தோன்றிய இடத்தில் போடுவது.

மூன்று நோட்டுக்கு மேல் வந்த தவறுகளை மட்டும் பட்டியலில் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் வரும் தவறை அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொன்னால் போதும். பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஒரு தவறு. இரண்டு எடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

3. சனிக்கிழமைக் கேள்விகளை ஞாயிற்றுக்கிழமையே எழுதுங்கள்

மொத்தம் 12 கேள்விகள் போதும். 8 கேள்விகள் வரப்போகும் வாரத்தின் வீட்டுப்பாடத்திலிருந்து. 2 பழைய வாரங்களிலிருந்து. மீதி 2 மட்டும் வெளியே இருந்து, அதாவது சும்மா சுவாரஸ்யத்துக்கு. புதியவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். வெளிக் கேள்விகள் அதிகமானால் வீட்டில் செய்தித்தாளும் இணையமும் இருக்கும் பிள்ளைக்குத்தான் அது சாதகம். ஒழுங்காக நோட்டு எழுதிய பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

நல்ல கேள்விக்கு இரண்டு இலக்கணம். விடை ஒன்றுதான் இருக்க வேண்டும். தெரியாத பிள்ளையும் கொஞ்சம் யோசித்தால் பிடிக்கும்படி ஒரு நூல் உள்ளே தொங்க வேண்டும். சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியை எந்த ஆண்டு வெளியிட்டார் என்று கேட்டால் 1755 என்று தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் வாயை மூடிக்கொள்வான். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. மாறாக, "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் லிவ்ஸ் இன் பெரம்பூர்" என்று பலகையில் எழுதி, ஓர் எழுத்து எங்கே விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். நான்கு தலைகள் ஒன்றாகக் குனியும்.

வெளிக் கேள்விகளையும் முடிந்தவரை அந்த வாரத் தவறோடு முடிச்சுப் போடுங்கள். உதாரணத்துக்கு, நாற்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பாதிப் பேர் 'ஃபோர்' நினைப்பில் நடுவே ஒரு 'யு' போடுவார்கள். அந்த வாரம் இப்படிக் கேளுங்கள்: எந்த எண்ணின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் எல்லா எழுத்துகளும் அகர வரிசைப்படியே வருகின்றன? விடை ஃபார்ட்டி: எஃப், ஓ, ஆர், டி, ஒய். 'யு' போட்டால் வரிசை உடைந்துவிடும். இந்தக் கேள்விக்குப் பிறகு அந்தத் தவறு பெருமளவு குறைந்துவிடும். இதே குடும்பத்தில் இன்னும் சில: எண்ணின் மதிப்பும் எழுத்துகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் ஒரே எண் ஃபோர். ஒன்பதாவது மாதமான செப்டம்பருக்கு எழுத்தும் ஒன்பது. வேறு எந்த மாதத்துக்கும் அப்படிப் பொருந்தாது. வரிசையைக் குறிக்கும் 'க்யூ' என்ற சொல்லில் கடைசி நான்கு எழுத்தை அழித்தாலும் உச்சரிப்பு மாறாது.

ஊர் சார்ந்த கேள்விகளுக்குத் தனி வரவேற்பு உண்டு. ட்ரிப்ளிகேன், எக்மோர், பூனமல்லி என்று ஆங்கிலத்தில் எழுதும் ஊர்களின் தமிழ்ப் பெயரைக் கேட்கலாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் ஆங்கிலத்துக்குப் போய் என்னவாக மாறின என்று கேட்கலாம்: கேட்டமரான், செரூட், மல்லிகடானி. மால்குடி என்ற கற்பனை ஊரைப் படைத்த ஆர்.கே. நாராயண் 1906இல் நம் சென்னையில்தான் பிறந்தார் என்பதையும் ஒருநாள் கேள்வியாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வரும் ஆங்கில 'அதிசயத் தகவல்'களை அப்படியே எடுக்காதீர்கள். 'நியூஸ்' என்ற சொல் நான்கு திசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று பல வருடமாகச் சுற்றுகிறது. அது தவறு, 'நியூ' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் எது என்ற கேள்வியும் வேண்டாம். அகராதிக்கு அகராதி விடை மாறும், கடைசியில் சண்டையில்தான் முடியும்.

4. கேள்விக்கு வழிவிடும் வீட்டுப்பாடம்

இப்போது நான்கு நாள் வீட்டுப்பாடத்தைப் பிரியுங்கள். ஒரு நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பள்ளி வீட்டுப்பாடம் வேறு இருக்கிறது.

திங்கள்: பாடத்தில் ஒரு பத்தியை மூன்று முறை சத்தமாகப் படிப்பது, எட்டுச் சொற்களை அகராதியில் பார்த்து எழுதுவது. செவ்வாய்: அந்த வாரத் தவறு மேல் ஆறு வாக்கியம். புதன்: சொந்தமாக ஐந்து வாக்கியம். வியாழன்: பிள்ளையே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வருவது. நல்லதாக ஒன்றை எடுத்து, அந்தப் பிள்ளையின் பெயர் சொல்லி சனிக்கிழமை கேளுங்கள், அதுவும் எட்டில் ஒன்றுதான். அந்த ஓர் இடத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலியாக விட்டு வையுங்கள். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் அதை எழுதிய பிள்ளை வாய் திறக்கக் கூடாது. முன்கூட்டி யாருக்கும் உளறாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் செய்து முடிக்கும்படி வேலை இருக்க வேண்டும். "அம்மாவிடம் கேட்டு எழுது" என்று சொன்னால், அம்மாவுக்குத் தெரியாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று வராது. அதற்குப் பதிலாக அம்மா செய்ய ஒரு வேலை கொடுங்கள்: பிள்ளை சத்தமாகப் படிப்பதைக் காதால் கேட்டு, மூன்று முறை படித்தாயிற்று என்று நோட்டில் தமிழில் கையெழுத்து.

புதன்கிழமை வேலையில் போன் உதவாதபடி தலைப்பு கொடுங்கள். 'மழையின் பயன்கள்' என்றால் போன் ஒரு நொடியில் எழுதிக் கொடுத்துவிடும், பிள்ளை காப்பி அடிக்கும். 'உன் தெருமுனைக் கடையில் நேற்று யார் என்ன வாங்கினார்கள்' என்றால் போனுக்குத் தெரியாது. பால் பாக்கெட், மாத்திரை அட்டை, மாநகரப் பேருந்தின் உள்ளே ஒட்டியிருக்கும் அறிவிப்பு, மெட்ரோ நிலையப் பலகை ஆகியவற்றில் பார்த்த ஆங்கிலச் சொற்களை எழுதி வந்து, அவற்றை வைத்து வாக்கியம் அமைப்பதும் நன்றாக ஓடும்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால், ஆங்கில வரிக்குக் கீழே பொடி எழுத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பார்கள்: 'தி பாய் வாஸ் வாக்கிங்' என்று. பல ஆசிரியர்கள் இதைக் கண்டதும் கிழித்துப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது படிக்கத் தெரியாத பிள்ளை தானாகக் கண்டுபிடித்த ஊன்றுகோல். பிடுங்கினால் நோட்டில் எழுதாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வரும். பென்சிலில் எழுதலாம், ஆனால் நாளுக்கு இரண்டு வரி வீதம் அழித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் எந்தக் காலையிலும் மழை விடுமுறை அறிவிப்பு வரலாம். அன்றைக்கு உங்கள் வகுப்பும் நடக்காது. ஆகவே பருவத் தொடக்கத்திலேயே 'மழை நாள் பக்கம்' ஒன்றைத் தாளில் எழுதி நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் போன் வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

5. வெள்ளிக்கிழமைத் திருத்தம்

அந்த வாரத் தவறை மட்டும் திருத்துங்கள், மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது, மூடி வைத்துவிடும்.

தவறின் கீழே கோடு மட்டும் போடுங்கள், சரியான விடையை நீங்கள் எழுதாதீர்கள். க்விஸ்ஸுக்கு முன்பு நோட்டு கைக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படிக்க ஒன்றும் இருக்காது.

6. அணி பிரிப்பது

நான்கு பேர் கொண்ட அணி. ஐந்தாவது ஆள் எப்போதும் சும்மா இருப்பார். ஒவ்வோர் அணியிலும் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருக்கட்டும். ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஒருமுறை பிரித்துவிட்டால் அடுத்த பல வாரங்களுக்கு ஆங்கிலம் பின்னால் போய்விடும், கத்தல்தான் முன்னால் நிற்கும்.

விடை சொல்லும் பொறுப்பு கேள்விக்குக் கேள்வி வரிசையாக மாற வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை மற்றவர் காதில் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் வாய் திறப்பது முறைக்காரர்தான். பேசத் தயங்குகிற பிள்ளையின் வாயில் இப்படித்தான் முதல் ஆங்கில வாக்கியம் வருகிறது.

அணிப் பெயரைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். விட்டால் எல்லா அணியும் சூப்பர் கிங்ஸ் என்றே பெயர் வைக்கும்.

7. சனிக்கிழமை: நாற்பது நிமிடம்

முதல் பத்து நிமிடம் எழுத்துச் சுற்று. 4 கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் தனித்தனியாகத் தாளில் விடை எழுத வேண்டும், பேச்சு கூடாது. இந்த மார்க்கும் அணிக்கணக்கில் சேரும். இது இல்லாவிட்டால் அணிக்குள் ஒளிந்துகொள்கிறவர் யார் என்று கடைசி வரை உங்களுக்குத் தெரியாது.

அடுத்து மீதி 8 கேள்விகளுக்கு வாய்மொழிச் சுற்று. கேள்வியை ஆங்கிலத்தில் இரண்டு முறை படியுங்கள், புரியாவிட்டால் தமிழில் ஒரு முறை விளக்குங்கள். அப்புறம்தான் கடிகாரம் ஓட வேண்டும், முப்பது விநாடி. ஓர் அணிக்குத் தெரியாவிட்டால் கேள்வி பக்கத்து அணிக்குப் போகும். யார் சொன்னாலும் அதே 10 மதிப்பெண்.

முக்கியமான விதி ஒன்று: 'பி' அணியில் தொடங்கிய கேள்விக்கு 'டி' அணி விடை சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி 'டி'க்கு அடுத்த அணியிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் ஏ, பி, சி, டி என்று வரிசை மாறாமல் கேட்பார்கள். அப்படிக் கேட்டால், பலவீனமான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அணிக்குத் தன் கேள்வியும் வரும், தப்பி வருகிற கேள்வியும் வரும். பிள்ளைகள் இதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, இடம் பிடிக்கச் சீக்கிரம் வந்து உட்காருவார்கள்!

ஸ்பெல்லிங் கேள்விக்கு வாயால் விடை வாங்காதீர்கள், சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 'ஏ', 'ஈ', 'ஐ' மூன்றும் பதற்றத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிள்ளை மனதில் சரியாக வைத்திருப்பதை வாய் மாற்றிச் சொல்லும். அப்புறம் "மிஸ், நான் ஈன்னுதான் சொன்னேன்" என்று வழக்கு வரும். தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியாது.

தவறான விடைக்கு மார்க் கழிக்காதீர்கள், குறைந்தது முதல் பருவத்தில். கழித்தால் தெரிந்தவர் மட்டுமே பேசுவார். கை தூக்குகிறவருக்கு முதல் வாய்ப்பு என்ற முறையும் வேண்டாம். யார் முதலில் தூக்கினார் என்பது தீராத தகராறு.

பரிசு? ஒரு பென்சில் போதும், அதையும் அணி முழுக்கக் கொடுங்கள். பெரிய பரிசு வைத்தால் பெற்றோர் போட்டிக்குள் இறங்கிவிடுவார்கள்.

8. முடிந்ததும் பத்து நிமிடம்

பிள்ளைகளை அனுப்பிவிட்டு உடனே எழுத்துச் சுற்றுத் தாள்களை எடுங்கள். தள்ளிப் போட்டால் மறந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணி, கேள்விக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடத்திலிருந்து வந்த கேள்வியில் பாதிப் பேருக்கு மேல் தவறியிருந்தால் அந்த வாரத் தவறு இன்னும் தீரவில்லை. அடுத்த வாரமும் அதையே எடுங்கள், ஆனால் புதிய வாக்கியங்களோடு. எல்லோரும் சரியாக எழுதிய கேள்விகளைத் தனி நோட்டில் தேதியோடு சேருங்கள். பழைய வாரத்துக்கான 2 கேள்விகள் அங்கிருந்துதான் வரும், நான்கைந்து வாரம் இடைவெளி விட்டுக் கேட்டால் உண்மையில் நின்றதா என்று தெரியும்.

அதிகம் பேர் தவறவிட்ட கேள்வியின் விடையை அன்றே சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக அதையே பலகையில் எழுதிப் போடுங்கள்.